முழவுப் பயிற்சி

நாள் ஒன்றுக்கு 24 மணி நேரம். அதில் உறக்கமும் கல்வியும் வீட்டு வேலையும் போக எஞ்சி நிற்கும் சிறுபொழுதே ஓய்வு நேரம் எனப்படும். அச்சிறுபொழுதைப் பயனுறக் கழிப்பதும் ஒரு கலையே. சிலர் அஞ்சல்தலைகளைத் திரட்டுவர்; சிலர் தோட்டம் இடுவர்; சிலர் ஓவியம் தீட்டுவர். இவை யாவும் நல்லனவே. இவற்றோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்க மற்றொரு பொழுதுபோக்கு முழவு கொட்டக் கற்பதாகும். மேடை ஏறிப் பாடகர்க்குத் துணையாக வாசிக்க விரும்புவோர்க்கு மட்டுமே முழவு உரியது என்றும், ஏனையோர் அதில் இறங்குவது வீண் என்றும் சிலர் கருதுகின்றனர். படம் வரைவோர் எல்லாரும் பெரிய ஓவியர் ஆவதில்லை. பந்தாடுவோர் எல்லாரும் நாட்டின் சார்பில் ஆடுவதும் இல்லை. ஆயினும், அவர்கள் பெறும் இன்பமும் நலமும் குறைந்தவை அல்ல. முழவும் அத்தகையதே.

தாளம் என்பது மனிதன் வெளியிலிருந்து தேடிக்கொண்டு வந்த பொருள் அன்று. அஃது அவன் உடம்பிலேயே அமைந்துள்ளது. அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவருடைய இதயம் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை வரை துடிக்கின்றது. மூச்சு ஒழுங்காக வந்து போகின்றது. நடக்குங்கால் இடக்காலும் வலக்காலும் மாறி மாறித் தரையைத் தொடுகின்றன. நெல் குத்தும் உலக்கையும், படகு உந்தும் துடுப்பும், கருமான் பட்டறையில் விழும் சம்மட்டியும் தாளத்தோடேயே இயங்குகின்றன. பலர் கூடிச் செய்யும் வேலையில் தாளம் தவறினால் களைப்பு மிகும், வேலையும் கெடும். உள்ளிருக்கும் இத்தாளத்தைச் செவிக்குப் புலனாகுமாறு வெளிப்படுத்தவே மனிதன் முழவைப் படைத்தான் எனலாம்.

தமிழர் வாழ்வில் முழவு பெற்றிருந்த இடம் பெரிது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையையும் வைத்து எண்ணுகின்றது. குறிஞ்சி நிலத்தில் தொண்டகப்பறை முழங்கிற்று. முல்லை நிலத்தில் ஏறுகோட்பறை ஒலித்தது. மருத வயல்களில் நெல்லரிகிணையும், நெய்தற்கரையில் மீன்கோட்பறையும், பாலையில் துடியும் கேட்டன. தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்த்து எண்ணிய மக்கள், அதனை வாழ்வின் இன்றியமையாத பொருள்களுள் ஒன்றாகக் கருதினர் என்பது தெளிவு.

அரண்மனையில் முரசு தெய்வமாகவே போற்றப்பட்டது. அதற்கெனத் தனிக் கட்டில் இருந்தது. மோசிகீரனார் என்னும் புலவர் நெடுவழி நடந்து களைத்து, சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனையை அடைந்தார். அப்போது முரசினை நீராட்டுதற்குக் கொண்டு சென்றிருந்தனர். கட்டில் வெறுமையாய் இருந்தது. அஃது இன்னதென அறியாத புலவர் அதன்மேல் ஏறி உறங்கிவிட்டார். முரசு கட்டிலில் ஏறியவரை வாளால் வெட்டுவது அக்கால வழக்கம். ஆயினும், அங்கு வந்த அரசன் புலவரைக் கண்டதும் வாளை உயர்த்தவில்லை. கவரியை எடுத்து அவருக்கு வீசி நின்றான். புறநானூற்றின் 50 ஆம் பாடல் இச்செய்தியைக் கூறுகின்றது. அரசனுடைய தமிழ்ப்பற்றினை இந்நிகழ்ச்சி காட்டுவது போலவே, முரசுக்கு இருந்த சிறப்பையும் காட்டுகின்றது.

தோலால் மூடப்பட்டு, அடித்தோ தட்டியோ ஒலிக்கப்படும் கருவிகளைத் தோற்கருவிகள் என்பது மரபு. அவற்றுள் ஒருமுகம் உடையனவும், இருமுகம் உடையனவும், பலமுகம் உடையனவும் உண்டு. பறையும் கஞ்சிராவும் ஒருமுகக் கருவிகள். மிருதங்கமும் தவிலும் உடுக்கையும் இருமுகக் கருவிகள். திருவாரூர்க் கோயிலில் உள்ள குடமுழா ஐந்து முகங்களை உடையது. கடம் என்பது தோல் இல்லாத மண்பானையே. ஆயினும், தாளக்கருவியாக இசை மேடையில் அதுவும் சிறப்பிடம் பெற்றுள்ளது. கடம் செய்வதில் சிவகங்கை மாவட்டத்து மானாமதுரை பெயர் பெற்ற ஊர். கஞ்சிராவுக்கு முற்காலத்தில் உடும்புத் தோல் போர்த்தினர். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காப்பதால், இந்நாளில் வேறு பொருள்களும் பயன்படுகின்றன.

தோலின் இயல்பை அறிந்தவரே முழவின் இயல்பை அறிவர். இழுத்துக் கட்டிய தோலே கணீரென ஒலிக்கும். தளர்ந்த தோல் மந்தமாய் ஒலிக்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் தோல் அதனை உறிஞ்சித் தளரும். வெப்பம் பட்டால் ஈரம் நீங்கி இறுகும். பறையிசைக் கலைஞர் வாசிக்கத் தொடங்குமுன் வைக்கோலைக் கொளுத்திப் பறையைத் தீயில் காய்ச்சுவதன் காரணம் இதுவே. பறையை இடத்தோளில் சார்த்தி, ஒரு கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சியும் மற்றொரு கையில் குறுகித் தடித்த அடிக்குச்சியும் கொண்டு முழக்குவர். குச்சிகள் இரண்டும் வெவ்வேறு ஒலி எழுப்ப, கால்களும் அவற்றிற்கேற்ப அடி எடுத்து வைக்கும். ஆதலின், பறையிசை ஒரே வேளையில் இசையாகவும் ஆட்டமாகவும் விளங்குகின்றது.

மிருதங்கத்தின் அமைப்பு இன்னும் நுட்பமானது. பலாமரத்தைக் குடைந்து அதன் உடலைச் செய்வர். இடப்பக்கம் தொப்பி எனவும், வலப்பக்கம் வலந்தலை எனவும் பெயர் பெறும். வாசிக்குமுன் தொப்பியின் நடுவே ரவையை நீரில் பிசைந்து அப்புவர். அதனால் தாழ்ந்த, கனத்த ஒலி பிறக்கும். வலந்தலையின் நடுவே நிலையாக அமைந்த கருநிற வட்டம் ஒன்று உண்டு. அது சோறும் ஒருவகைக் கல்லின் பொடியும் சேர்த்துப் படலம் படலமாகத் தேய்த்து அமைக்கப்படுவது. இந்தக் கரிய வட்டம் அழகிற்காக இடப்பட்டது அன்று. ஒரே தடிப்புள்ள தோலை அடித்தால் பல அதிர்வுகள் ஒருங்கே எழும். அவை ஒன்றுக்கொன்று 2 மடங்கு, 3 மடங்கு என்னும் முழு எண் உறவில் அமைவதில்லை. ஆதலால், அவ்வொலியில் சுருதி தெளிவாகப் புலப்படாது. நடுவிலே தகுந்த அளவு கனத்தை ஏற்றினால், அதிர்வுகள் ஒழுங்குபட்டு முழு எண் உறவை நெருங்குகின்றன. அப்பொழுது முழவொலி யாழின் நரம்பொலி போல இனிமை பெறுகின்றது. இவ்வுண்மையை ஆராய்ந்து உலகிற்கு விளக்கியவர் சர் சி. வி. இராமன் ஆவார். 1920 ஆம் ஆண்டில் அவர் இதுபற்றிய கட்டுரையை வெளியிட்டார். 1934 ஆம் ஆண்டில் அதனை மேலும் விரித்து எழுதினார். பௌதிக நூல் எதனையும் கல்லாத கைவினைஞர், தம் செவியையே கருவியாகக் கொண்டு பன்னெடுங்காலத்திற்கு முன்பே இந்நுட்பத்தைக் கண்டிருந்தனர் என்பது வியக்கத்தக்கது.

முழவு கற்கத் தொடங்குவோர் முதலில் கற்க வேண்டியது கையால் அன்று, வாயால். 'தா, தீ, தொம், நம்' என்னும் சொற்களே மிருதங்கப் பாடத்தின் அகர முதல் எழுத்துகள். ஒவ்வொரு சொல்லும் விரல் விழ வேண்டிய இடத்தைக் குறிக்கும். பின்னர்ச் சொற்கட்டுகள் வரும். 'தகிட' என்பது 3 அசை; 'தகதிமி' என்பது 4; 'தகதகிட' என்பது 5; 'தகிடதகதிமி' என்பது 7; 'தகதிமிதகதகிட' என்பது 9. இவற்றை முறையே திச்ரம், சதுச்ரம், கண்டம், மிச்ரம், சங்கீர்ணம் என வழங்குவர். வாயால் சொல்ல முடிந்ததைக் கையால் வாசித்தல் எளிது. சொல்லும்பொழுது தடுமாறுபவர் வாசிக்கும்பொழுதும் தடுமாறுவர்.

இச்சொற்கட்டுகளில் கணக்கறிவும் அடங்கியுள்ளது. ஆதி தாளத்தில் ஒரு சுற்றுக்கு 8 எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு ஓர் அசையாக 'தகிட' என்பதையும் 'தகதகிட' என்பதையும் சேர்த்துச் சொன்னால், 3 உடன் 5 சேர்ந்து ஒரு சுற்று நிறைவுறும். 7 அசையுள்ள சொற்கட்டை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால், அது தாளத்தோடு உடனே பொருந்தாது. விலகி விலகிச் செல்லும். ஆனால், அதனை 8 முறை சொன்னதும் 56 அசைகள் ஆகும். தாளமும் அப்பொழுது 7 சுற்று முடித்து 56 ஆம் எண்ணிக்கையில் நிற்கும். விலகிச் சென்றவை இரண்டும் ஓரிடத்தில் வந்து சேரும் அந்நொடியில் கேட்போர் தம்மை அறியாமல் தலை அசைக்கின்றனர். கரும்பலகையில் சிறுமப் பொது மடங்கு என்று படிக்கும் கணக்கே இங்கு இன்பமாக மாறுகின்றது.

முழவுப் பயிற்சிக்குப் பொறுமை வேண்டும். ஒரு பாடத்தை முதற்காலத்தில் மெதுவாகவும், இரண்டாங்காலத்தில் அதன் இருமடங்கு விரைவிலும், மூன்றாங்காலத்தில் நான்மடங்கு விரைவிலும் வாசிப்பது மரபு. முதற்காலத்தில் திருந்தாத பாடம் மூன்றாங்காலத்தில் திருந்துவது இல்லை. எனவே, விரைவை விரும்புவோர் மெதுவாகப் பயில வேண்டும். வாரத்தில் ஒரு நாள் மூன்று மணி நேரம் வாசிப்பதினும், நாள்தோறும் அரை மணி நேரம் வாசிப்பதே பயன் தரும். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் 1966 ஆம் ஆண்டில் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றவர். புகழின் உச்சியைக் கண்ட அவர், தம் பிற்காலத்தில் ரிஷிவேலிப் பள்ளியில் மாணவர்களுக்கு மிருதங்கம் கற்பித்தார். அவர்கள் எல்லாரும் மேடைக் கலைஞர் ஆகப் போகின்றவர்கள் அல்லர். எனினும், அவர்களுக்குக் கற்பிப்பதை அப்பெரியார் தாழ்வாக எண்ணவில்லை.

இனி, முழவுப் பயிற்சியால் உடலுக்கு விளையும் நலத்தைக் காண்போம். முழவு வாசிப்பில் இரு கைகளும் வெவ்வேறு வேலை செய்கின்றன. அன்றாட வாழ்வில் பின்தங்கி நிற்கும் கையும் இங்குத் தன் பங்கை ஆற்றியே தீர வேண்டும். விரல்களும் மணிக்கட்டும் தோளும் இசைந்து இயங்கப் பழகுகின்றன. நின்றும் ஆடியும் முழக்கும் பறை முழு உடலுக்கும் பயிற்சி தருகின்றது. மேலைநாட்டு டிரம்ஸ் வாசிப்பிலோ கால்களுக்கும் தனி வேலை உண்டு. கிளெம் பர்க் என்னும் டிரம்ஸ் கலைஞரை இங்கிலாந்தின் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நுணுகி ஆராய்ந்தனர். அவர் மேடையில் வாசிக்குங்கால் அவருடைய இதயத் துடிப்பு சராசரியாக நிமிடத்திற்கு 140 முதல் 150 வரை இருந்தது. சில வேளைகளில் 190 வரை உயர்ந்தது. அவருடைய உழைப்பு பந்தாட்ட வீரரின் உழைப்புக்கு இணையானது என அவர்கள் முடிவு செய்தனர். அமர்ந்து வாசிக்கும் மிருதங்கத்திற்கு அத்துணை உழைப்பு இல்லை. எனினும், நிமிர்ந்து அமரும் பழக்கத்தையும் கைகளின் நயத்தையும் அது தருகின்றது.

உள்ளத்திற்கு விளையும் நலம் இன்னும் பெரிது. தாளத்தில் நிற்பவருக்கு நேற்றைய கவலையும் நாளைய அச்சமும் எட்டா. அடுத்த அடி எங்கு விழ வேண்டும் என்பதிலேயே மனம் ஒன்றி நிற்கும். சற்றே நினைவு சிதறினாலும் தாளம் தவறிவிடும். தவறியதைக் காதே உடனே எடுத்துக் காட்டும். கடிந்துரைக்கும் ஆசிரியர் அருகில் இல்லாமலே கவனம் இவ்வாறு வளர்கின்றது. சினத்தையும் சோர்வையும் சொல்லால் வெளியிட்டால் பிறர் மனம் புண்படக்கூடும். முழவில் வெளியிட்டால் யார் மனமும் புண்படாது.

பலர் கூடி முழக்கும்பொழுது இந்நலம் பன்மடங்கு ஆகின்றது. லண்டன் அரச இசைக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குச் சான்று. மனநலச் சிகிச்சை பெறுவோர் சிலர் 10 வாரங்கள் ஒன்றுகூடி முழவு பயின்றனர். முடிவில் அவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன. இடரைத் தாங்கும் உள்ள உறுதி மிகுந்திருந்தது. 2012 ஆம் ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வில், பாடியும் ஆடியும் முழவு கொட்டியும் மகிழ்ந்தோர்க்கு வலியைப் பொறுக்கும் ஆற்றல் கூடியது கண்டறியப்பட்டது. இசையை வெறுமனே கேட்டிருந்தோர்க்கு அவ்வாறு கூடவில்லை. முழவு மருந்துக்கு மாற்று என்பது இதன் பொருள் அன்று. கேட்பதோடு நில்லாமல் கலந்துகொள்வதில் தனிப்பயன் உண்டு என்பதே இதனால் அறியத்தக்கது.

முழவின் ஒலி செவிக்கு மட்டும் உரியது அன்று. அதனை உடம்பும் உணரும். ஸ்காட்லாந்தில் 1965 ஆம் ஆண்டில் பிறந்த ஈவ்லின் கிளென்னி என்னும் பெண்மணி, தமது 12 ஆம் வயதிற்குள் கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்துவிட்டார். ஆயினும், அவர் தாளக்கருவிகளை விட்டுவிடவில்லை. ஒலியின் அதிர்வைக் கால்களாலும் உடலாலும் உணர்ந்து வாசிக்கப் பழகினார். தரையின் அதிர்வை நன்கு உணரும் பொருட்டு மேடையில் செருப்பின்றி நிற்பார். உலகப் புகழ் பெற்ற கலைஞராக உயர்ந்த அவர், 2012 ஆம் ஆண்டில் லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவிலும் முழவு முழக்கினார். செவிப்புலன் குன்றியவருக்கே கதவைத் திறக்கும் இக்கலை, வேறு யாருக்குத்தான் கதவை அடைக்கும்?

கலை அடைக்காத கதவைச் சில வேளைகளில் மனிதர் அடைத்ததுண்டு. தொல்காப்பியம் போற்றிய பறை, பிற்காலத்தில் சாதி வேற்றுமையின் அடையாளம் ஆக்கப்பட்டது. அதனை முழக்குவோர் இழிவாக நடத்தப்பட்டனர். விரும்பியும் விரும்பாமலும் சாவு வீட்டில் முழக்குவது அவர்கள்மேல் கடமையாகச் சுமத்தப்பட்டது. அதனால் அம்மக்களுள் பலர் தன்மானம் கருதிப் பறையைக் கைவிடவும் நேர்ந்தது. இழிவு கருவியில் இல்லை. அதனைத் தொடுவோரைத் தாழ்த்தியவர் உள்ளத்திலேயே இருந்தது. இன்று நிலை மாறி வருகின்றது. பல ஊர்களில் ஆணும் பெண்ணுமாக இளைஞர் பறை பயில்கின்றனர். பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025 ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பெண்கள் முழவு வாசித்தல் தகாது என்னும் எண்ணமும் ஒரு காலத்தில் வேரூன்றியிருந்தது. திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் மிருதங்கத்திலும், சுகன்யா ராம்கோபால் கடத்திலும் தேர்ந்து அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கினர்.

முழவை வாசிப்போரைப் போற்றும் உலகம் அதனைச் செய்வோரை மறந்துவிடல் ஆகாது. தோலைப் பதப்படுத்தி, வார் பிடித்து, கரிய வட்டம் தேய்த்து, சுருதி சேரும் வரை செவி சாய்த்து உழைப்போர் அவர்கள். கைதட்டல் எழும் அவையில் அவர்கள் பெயர் நெடுங்காலம் ஒலிக்கவில்லை. மிருதங்கம் செய்யும் குடும்பங்களின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020 ஆம் ஆண்டில் 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்னும் நூலாக எழுதினார். நன்றாக ஒலிக்கும் முழவு ஒன்றைக் கையில் எடுப்பவர், அதனைச் செய்த கையையும் நினைத்தல் கடன்.

புதிதாகத் தொடங்குவோர் சிலவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். தொடக்கத்திலேயே விலை மிகுந்த கருவி வாங்க வேண்டியதில்லை. தொடையில் தாளம் போட்டுச் சொற்கட்டைச் சொல்லிப் பழகலாம். மரப்பலகையில் விரலிட்டும் பழகலாம். கை வலித்தால் நிறுத்திக்கொள்ள வேண்டும். வலியோடு வாசிப்பது நரம்பையும் தசையையும் கெடுக்கும். 85 டெசிபெல்லுக்கு மேற்பட்ட ஓசையை நாள்தோறும் நெடுநேரம் கேட்பது செவிக்குத் தீங்கு தரும். ஆதலின், பேரொலிக் கருவிகளை வாசிப்போர் காதுக்குக் காப்பிட்டுக்கொள்ளுதல் நன்று. அண்டை வீட்டில் நோயாளிகளும் குழந்தைகளும் இருப்பர். தேர்வுக்குப் படிக்கும் மாணவரும் இருப்பர். அவர்களுக்கு இடையூறு இல்லாத வேளையைத் தேர்ந்துகொள்வது தாளம் தவறாமையைப் போன்றே ஓர் ஒழுக்கம்.

கூட்டமாக முழக்குவோருள் ஒருவர் மட்டும் உரக்க அடித்தால் இசை கெடும், ஒருவர் மட்டும் முந்தினாலும் கெடும், பிந்தினாலும் கெடும். தன் ஒலியை எழுப்பிக்கொண்டே பிறர் ஒலிக்குச் செவி கொடுப்பவரே நல்ல முழவர் ஆவார். தன் கடமையைச் செய்துகொண்டே பிறர் குரலையும் மதிப்பவர் நல்ல குடிமகனும் ஆவார். ஓய்வு நேரத்தில் அரை மணி நேரம் கற்பிக்கும் இப்பாடம், வாழ்நாள் முழுவதும் துணை நிற்கத்தக்கது.